கார்புரேட்டரில் தொலையும் மைலேஜ்

2020 ஏப்ரல் 1-ஆம் தேதி பிஎஸ்-6 புகை விதிகள் நடைமுறைக்கு வந்தபோது இந்திய மோட்டார் சைக்கிளிலிருந்து கார்புரேட்டர் கிட்டத்தட்ட விடைபெற்றுவிட்டது. பஜாஜ் தன் சிறிய வண்டிகள் சிலவற்றில் எலெக்ட்ரானிக் கார்புரேட்டர் என்ற பெயரில் அதைத் தக்கவைத்துக்கொண்டது. மற்றபடி புதிதாக வந்தவை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. சாலையில் நிலைமை வேறு. ஸ்ப்ளெண்டர், பேஷன், ஸ்டார் சிட்டி, பழைய பல்சர், பழைய புல்லட், இன்னும் உயிரோடு இருக்கும் ஆர்எக்ஸ்100 என்று கோடிக்கணக்கான வண்டிகள் இன்றும் கார்புரேட்டரில்தான் ஓடுகின்றன. அவற்றை ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளத்தில் பெட்ரோலுக்கென்று ஒரு தொகையை எண்ணி எடுத்து வைப்பவர்கள். மைலேஜ் அவர்களுக்குப் பேச்சுப் பொருள் மட்டுமில்லை, வீட்டுச் செலவுக் கணக்கில் ஒரு வரி.

கார்புரேட்டரை ட்யூன் செய்தால் மைலேஜ் கூடுமா என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் இருக்கிறது. நல்ல மெக்கானிக் ஒரு ஸ்க்ரூவைத் திருப்பியே லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கூட்டிவிடுவார் என்பார்கள் ஓட்டுபவர்கள். கம்பெனி வைத்த செட்டிங்கில் கை வைக்காதே என்பார்கள் சர்வீஸ் சென்டரில். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. நான் பார்த்தவரை, படித்தவரை, ஒழுங்காக இருக்கும் கார்புரேட்டரிலிருந்து கூடுதலாகப் பிழிந்தெடுக்கக்கூடிய மைலேஜ் மிகக் குறைவு. ஒழுங்கு கெட்ட கார்புரேட்டரில் தொலைந்துபோன மைலேஜோ மிக அதிகம். ட்யூனிங் என்ற பெயரில் நடக்கும் நல்ல வேலை முழுவதும் இந்தத் தொலைந்ததை மீட்பதுதான். கெட்ட வேலை முழுவதும் இல்லாததைத் தேடிப் போவது.

கார்புரேட்டரின் வேலை, காற்றின் வேகத்தைக் கொண்டு பெட்ரோலை அளந்து ஊற்றுவது. குறுகலான தொண்டை வழியாகக் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் முழு அழுத்தமும் இருக்கிறது. அந்த வித்தியாசம் பெட்ரோலை ஜெட் வழியாக மேலே தள்ளுகிறது. 1893-இல் வில்ஹெல்ம் மேபாக்கும், ஹங்கேரியில் பாங்கியும் சொங்காவும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் கண்டடைந்த இந்த ஏற்பாடு, நூறாண்டுக்கு மேல் அடிப்படையில் மாறவே இல்லை. சென்னையை அடுத்த மறைமலைநகரில் ஜப்பானின் மிகுனி கூட்டுறவோடு தொடங்கிய யூகால் தொழிற்சாலையில் அது லட்சக்கணக்கில் வார்க்கப்பட்டது. புல்லட்டில் 'மிக்கார்ப்' என்ற பெயரைப் பார்த்தவர்கள் பார்த்தது இதைத்தான்.

சுத்தமான பெட்ரோல் ஒரு கிராம் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். 12.5-க்கு 1 என்ற அளவில் கலந்தால் என்ஜின் அதிகபட்ச சக்தியைத் தரும், பெட்ரோலில் ஒரு பகுதி அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். 15.5 அல்லது 16-க்கு 1 என்று காற்றைக் கூட்டினால் பெட்ரோல் மிச்சமாகும், சக்தி சற்றுக் குறையும். அதற்கும் மேலே போனால் தீ மெதுவாகப் பரவும், சில சுற்றுகளில் பற்றாமலே போகும். வண்டி 'மிஸ்ஸிங்' அடிக்கிறது என்கிறோமே, அது இது. மைலேஜ் பற்றிய சண்டை முழுவதும் 12.5-க்கும் 16-க்கும் இடைப்பட்ட இந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் நடக்கிறது.

இந்த அளவை ஒரே ஸ்க்ரூ கட்டுப்படுத்துவதில்லை. இங்கேதான் பெரிய குழப்பம். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு வண்டி நிற்கும்போதும், கையை லேசாகத் திருப்பும்போதும் ஸ்லோ ஜெட்டும் அதன் ஸ்க்ரூவும் பெட்ரோலை அளக்கின்றன. எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு திறப்பு வரை ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடின் அடியில் வெட்டியிருக்கும் சரிவு பேசுகிறது. கால் பங்கிலிருந்து முக்கால் வரை நீடிலும், அது இறங்கும் நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேலே முழுத் திறப்பு வரைதான் மெயின் ஜெட். இந்த எல்லைகள் ஒன்றோடொன்று கொஞ்சம் கலக்கும் என்றாலும் வரிசை இதுதான்.

நூறு சிசி வண்டி சமதரையில் 40, 45 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டர் கால் பங்குக்கு அருகில்தான் இருக்கும். அப்படியானால் அன்றாட ஓட்டத்தின் மைலேஜை நிர்ணயிப்பவை ஸ்லோ ஜெட், ஸ்லைடு, நீடில் மூன்றும்தான். ஆனால் மைலேஜ் வேண்டும் என்று வருபவருக்குப் பல இடங்களில் நடப்பது மெயின் ஜெட்டை ஒரு அளவு குறைத்துப் போடுவது. நகரத்துக்குள் ஓட்டும்போது அது ஏறக்குறைய ஒன்றையும் மாற்றாது. பைபாஸில் முழு ஆக்சிலேட்டரில் போகும்போது மட்டும், என்ஜின் மிகவும் சூடாக இருக்கும் நேரம் பார்த்து, பெட்ரோலைப் பட்டினி போடும். பலன் வராத இடத்தில் கை வைத்து, ஆபத்து வரும் இடத்தில் ஆபத்தை வாங்கிக்கொள்வது இது.

சரி, கம்பெனி செட்டிங் எங்கே நிற்கிறது? பிஎஸ்-3 வரை இந்திய இருசக்கர வண்டிகளின் புகையும் மைலேஜும் இந்திய ஓட்டச் சுழற்சி என்ற முறையில் சோதிக்கப்பட்டன. ஒரு சுற்று 108 விநாடி, அதிகபட்ச வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர், சராசரி 22-க்கும் குறைவு. அந்தச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு வரம்புக்குள் வர வேண்டுமென்றால் சிறிய திறப்புகளில் கலவையை ஏற்கெனவே காற்று மிகுந்த பக்கம் கொண்டுபோய் வைத்தாக வேண்டும். 2000-க்குப் பிறகு வந்த நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் பெரும்பாலானவை அப்படித்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. பல வண்டிகளில் ஸ்க்ரூவைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் திருப்ப முடியாதபடி மூடியும் போட்டிருப்பார்கள். பொறியாளர்கள் மாதக்கணக்கில் டைனமோமீட்டரில் உட்கார்ந்து பெட்ரோலைக் குறைத்த அதே இடத்தில், திருப்புளியால் இன்னும் பத்துச் சதவீதம் குறைக்க இடம் இருக்காது. 1990-களுக்கு முந்தைய வண்டிகளில் கொஞ்சம் இடம் உண்டு. அப்போது புகை விதிகள் தளர்வாக இருந்தன, பிக்கப்புக்காகக் கலவையைச் சற்றுக் கெட்டியாகவே வைத்து அனுப்பினார்கள்.

அப்படியென்றால் ஒரே மாடல், ஒரே வருட வண்டி ஒருவரிடம் 65 தருவதும் இன்னொருவரிடம் 45 தருவதும் எப்படி? பதில் பெரும்பாலும் தேய்மானத்தில் இருக்கிறது, அதிலும் யாரும் கழற்றிப் பார்க்காத நீடில் ஜெட்டில். நீடில் அதற்குள் ஓயாமல் அதிர்ந்து ஆடுகிறது. பல்லாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு வட்டமாக இருந்த துளை முட்டை வடிவமாகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். துளை 2.60 மில்லிமீட்டர், அதில் நிற்கும் நீடிலின் தடிமன் 2.50 என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் ஏறுவது இரண்டுக்கும் நடுவிலுள்ள வளையம் போன்ற இடைவெளியில். அதன் பரப்பு 0.40 சதுர மில்லிமீட்டர். துளை தேய்ந்து 2.62 ஆனால் பரப்பு 0.48 ஆகிறது. வெறும் 0.02 மில்லிமீட்டர் தேய்மானம், தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு. பெட்ரோல் போகும் வழியோ 20 சதவீதம் அகன்றுவிட்டது. தினமும் ஓட்டும் வேகத்தில், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் இந்தக் கூடுதல் பெட்ரோல் போகிறது. வெளியே இருக்கும் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் இது சரியாகாது, ஏனென்றால் அந்த ஸ்க்ரூ இந்த வழியில் இல்லவே இல்லை. நீடிலையும் நீடில் ஜெட்டையும் சேர்த்து மாற்றுவதுதான் வழி. கார்புரேட்டர் வேலைகளில் கொடுத்த காசுக்கு அதிகம் திருப்பித் தருவது இந்த ஒரு மாற்றம் என்பது என் கருத்து.

இரண்டாவது சேதத்தை நாமே செய்கிறோம். பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றிக் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் மாவு போன்ற படிவு இருக்கும். ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார்கள். துளை தெரியாது. பக்கத்தில் கிடக்கும் பழைய கிளட்ச் கேபிளிலிருந்து ஓர் இழையை உருவி உள்ளே விட்டு இரண்டு முறை இழுப்பார்கள். வெளிச்சம் தெரியும், வேலை முடிந்தது. ஜெட் பித்தளை, இழை எஃகு. 0.35 மில்லிமீட்டர் துளை 0.38 ஆக அகன்றால் பரப்பு 18 சதவீதம் கூடுகிறது. நாலைந்து சர்வீஸில் அந்த ஜெட் தன் தலையில் பொறித்திருக்கும் எண்ணுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றாகிவிடும். ஜெட்டைக் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தாலே போதும். அப்படியும் திறக்கவில்லையென்றால் புது ஜெட் வாங்குவதுதான் சரி.

மூன்றாவது, கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தாலும் பெட்ரோல் ஏற வேண்டிய உயரம் குறைகிறது. எனவே எல்லாத் திறப்பிலும், குறிப்பாகச் சிறிய திறப்பில், கலவை கெட்டியாகிறது. ஃப்ளோட் வால்வின் ரப்பர் நுனியில் வளையமாகத் தழும்பு விழுந்திருந்தால் அது சரியாக மூடாது. சைடு ஸ்டாண்டில் நிற்கும்போது ஓவர்ஃப்ளோ குழாயிலிருந்து சொட்டுவது கண்ணுக்குத் தெரியும். சொட்டாமலே மட்டம் மட்டும் உயர்ந்து நிற்பது தெரியாது. சோக் முழுதும் மூடாமல் நிற்பதும் இதே ரகம். கேபிள் சோக் உள்ள வண்டியில் கேபிள் இறுக்கமாக இருந்தால் நாள் முழுக்கச் சோக் போட்டபடியே ஓட்டுவதாகத்தான் அர்த்தம்.

ஏர் ஃபில்டரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது ஏன் பெட்ரோலைத் தின்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அடைத்த ஃபில்டருக்குப் பின்னால் தொண்டையில் அழுத்தம் மேலும் குறைகிறது, கிண்ணத்தின் மேல் வெளிக்காற்றின் அழுத்தம் அப்படியே இருக்கிறது. வித்தியாசம் கூடிப் பெட்ரோல் அதிகம் ஏறுகிறது. ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவி எண்ணெய் தடவலாம். எண்ணெய்ப் பசையுள்ள காகித ஃபில்டரைக் காற்றடித்துத் திரும்பப் போடக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பரில் விரிசல் விழுந்து காற்று திருட்டுத்தனமாக நுழைவது. ஐட்லிங் ஏறி இறங்கும். அதைச் சமாளிக்க ஸ்க்ரூவில் பெட்ரோலைக் கூட்டுவார்கள். ஒரு கோளாறை மறைக்க இன்னொரு கோளாறு.

இவை எல்லாம் ஒழுங்கானபின் ஸ்க்ரூவுக்கு வருவோம். முதலில் அது எந்த வகை என்று தெரிய வேண்டும். ஆர்எக்ஸ்100, பழைய புல்லட் போன்றவற்றின் மிகுனி விஎம் கார்புரேட்டரில் ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும். அது காற்றை அளக்கும் ஸ்க்ரூ. உள்ளே திருப்பினால் காற்று குறைந்து கலவை கெட்டியாகும். கரிஸ்மா, அப்பாச்சி ஆர்டிஆர் 160 போன்றவற்றின் சிவி கார்புரேட்டரில் ஸ்க்ரூ என்ஜின் பக்கம் இருக்கும். அது கலவையை அளக்கும் ஸ்க்ரூ. உள்ளே திருப்பினால் பெட்ரோல் குறையும். இரண்டையும் ஒரே மாதிரி நினைத்துத் திருப்பிவிட்டுக் குழம்புவது அடிக்கடி நடப்பது.

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடாக்கியபின்தான் தொட வேண்டும். ஸ்க்ரூவை மெதுவாக முழுவதும் உள்ளே திருப்ப வேண்டும். இறுக்கினால் கூர்நுனி நசுங்கித் துளை கெட்டுப்போகும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, ஐட்லிங்கைச் சற்று உயர்த்தி வைத்து, கால் சுற்றுக் கால் சுற்றாக இரு பக்கமும் திருப்பிப் பார்த்தால் ஓர் இடத்தில் என்ஜின் சத்தம் சீராக உயரும். அதைத் தாண்டினால் மீண்டும் இறங்கும். அந்த உச்சத்தில் நிறுத்தி, ஐட்லிங்கைப் பழைய அளவுக்கு இறக்கி, இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். உச்சம் அரைச் சுற்றுக்குள்ளேயே வந்துவிட்டாலோ, மூன்று சுற்றுக்கு அப்பால் போனாலோ, ஸ்லோ ஜெட்டின் அளவு சரியில்லை அல்லது வழி அடைத்திருக்கிறது என்று பொருள். காது பழகிய மெக்கானிக்குக்கு இது ஐந்து நிமிட வேலை. இதைக் கவனமாகச் செய்பவரைப் பார்த்தால் எனக்கு அளவற்ற மரியாதை வரும்.

காதை விட நல்ல கருவி ஊருக்கு ஊர் இருக்கிறது. பெட்ரோல் பங்க் ஓரத்தில் புகைச் சான்றிதழ் கொடுக்கும் இடத்தில் கார்பன் மோனாக்சைடை அளக்கும் மானி இருக்கிறது. 2000 மார்ச் வரை தயாரான இருசக்கர வண்டிகளுக்கு ஐட்லிங்கில் 4.5 சதவீதம், பின்னால் பிஎஸ்-3 வரை வந்தவற்றுக்கு 3.5 சதவீதம் என்பது சட்டத்தின் வரம்பு. 3.5 சதவீதம் காட்டும் என்ஜின் ஏறத்தாழ 13-க்கு 1 என்ற கலவையில் ஓடுகிறது, பெட்ரோல் பத்து சதவீதத்துக்கு மேல் வீணாகிறது. ஐட்லிங்கில் மட்டும் என்றாலும் அது நகர நெரிசலில் சிறிய அளவு இல்லை. தேறிவிட்டோம் என்று சான்றிதழை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறோம். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே ஸ்க்ரூவைத் திருப்பினால் எவ்வளவு துல்லியமாக வைக்கலாம்! மானி ஓரிடத்தில், மெக்கானிக் வேறிடத்தில் என்று இத்தனை வருடம் இருந்துவிட்டது பெரிய இழப்பு. ஒரு எச்சரிக்கை: புகைக்குழாயில் வெளிக்காற்றைச் செலுத்தும் குழாயோ, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோ உள்ள வண்டிகளில் மானி காட்டுவது என்ஜினின் உண்மையான கலவையை அல்ல.

ஸ்க்ரூவுக்கு அடுத்தது நீடில். அதன் தலையில் பெரும்பாலும் ஐந்து வெட்டுகள் இருக்கும், நடு வெட்டில் கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை ஒரு வெட்டு மேலே மாற்றினால் நீடில் இறங்கும், பெட்ரோல் குறையும். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில், எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது, ஒரு வெட்டு மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை. சில சதவீதம் கிடைக்கக்கூடும். இரண்டு வெட்டு மாற்றினால் கிடைத்ததும் போய்விடும். என்ஜின் தடுமாறும், ஓட்டுபவர் தன்னையறியாமல் ஆக்சிலேட்டரை மேலும் திருப்புவார், கீழ் கியரில் அதிக நேரம் ஓட்டுவார். காற்று மிகுந்த கலவை மெதுவாக எரிவதால் தீ புகைவால்வு திறக்கும் வரை நீடித்து வால்வைச் சுடும். வெறும் காற்றால் குளிரும் சின்ன என்ஜினுக்கு, சித்திரை வெயிலில், அது தாங்காது.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் இன்னும் கவனம் வேண்டும். ஆர்எக்ஸ்100 பிரியர்கள் மைலேஜுக்காகக் கேட்கும் கேள்விகளைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும். அந்த என்ஜினில் உள்ளே வரும் புதுக் கலவையில் ஒரு பங்கு, சிலிண்டரைச் சுத்தம் செய்யும்போதே, எரியாமல் புகைவழியில் வெளியேறிவிடுகிறது. வடிவமைப்பிலேயே உள்ள இழப்பு அது. எந்த ஜெட்டாலும் அடைக்க முடியாது. மாறாக, பெட்ரோலைக் குறைத்தால் பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். ராஜ்தூத், ஜாவா போல ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டும் வண்டியில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொள்வது உயிருக்கே ஆபத்து. ஐந்து கிலோமீட்டர் மைலேஜுக்கு அந்த விலை கொடுக்கக் கூடாது.

எரிபொருள் மாறினால் கார்புரேட்டரின் கணக்கும் மாறும் என்பதைத் தமிழர்களில் ஒரு பகுதியினர் கடுமையான பாடமாகவே கற்றார்கள். 1990-களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கிடைப்பது அரிதாகி, மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெட்ரோலை உள்ளே விட்டு ஸ்டார்ட் செய்து, என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் ஆவியாவதில்லை, அதனால் அந்தச் சில துளிகள் உயிர்நாடி. புகையும் தட்டல் சத்தமும் தவிர்க்க முடியாதவை. 2022 நெருக்கடியில் இலங்கை முழுவதும் க்யூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர் என்று தொடங்கியபோது, ஒவ்வொரு துளியும் எங்கே போகிறது என்ற கேள்வி மறுபடி எல்லா வீட்டிலும் எழுந்தது.

இப்போது நம் பங்குகளிலும் எரிபொருள் மாறியிருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இன்று பெரும்பாலும் கிடைக்கிறது. எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜன் கொண்டது, எரிய 9 பங்கு காற்றே போதும். அதனால் கலவைக்குத் தேவையான அளவு 14.7-லிருந்து சுமார் 13.6-க்கு இறங்குகிறது. இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பலவற்றில் புகைக்குழாயிலுள்ள சென்சார் இதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்குக் கண் இல்லை. ஜெட் அதே அளவைத்தான் ஊற்றும். ஆகவே எத்தனால் கலந்ததும் எல்லாப் பழைய வண்டிகளும் யாரும் தொடாமலே காற்று மிகுந்த பக்கம் நகர்ந்துவிட்டன. ஏற்கெனவே மைலேஜுக்காக ஓரத்தில் கொண்டுபோய் வைத்த வண்டிகள் காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறுவதற்கும், கையைத் திருப்பியதும் ஒரு கணம் அணைவது போல் தயங்குவதற்கும் இது ஒரு காரணம். அவற்றில் நீடிலை ஒரு வெட்டு ஏற்றிப் பெட்ரோலைக் கூட்டினால்தான் மைலேஜ் திரும்பும் என்ற நிலை வந்திருக்கிறது.

மைலேஜ் எவ்வளவு குறையும்? லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் உண்டு. 10 சதவீதக் கலப்பு 20 ஆகும்போது ஆற்றல் சுமார் 3.5 சதவீதம் குறைகிறது. 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையும் பழைய இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதம் என்றே சொன்னது. 60 தந்த வண்டி 58 தரலாம். 45 ஆகிவிட்டது என்றால் எத்தனாலின் ஆற்றலை மட்டும் குறை சொல்ல முடியாது. எத்தனால் பழைய டேங்கின் படிவைக் கரைத்துக் கொண்டுவந்து ஜெட்டில் அடைத்திருக்கலாம், பழைய ரப்பர்களை உப்ப வைத்திருக்கலாம், பல நாள் நின்ற வண்டியின் கிண்ணத்தில் ஈரத்தை இழுத்துத் தண்ணீராகப் பிரிந்திருக்கலாம். மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியின் கிண்ணத்திலுள்ள பெட்ரோலை வடித்துவிடுவது இப்போது கட்டாயமான பழக்கம்.

இத்தனை சதவீதங்களைப் பேசுகிறோமே, அவற்றை அளப்பது எப்படி என்பது தனிப் பிரச்சினை. பட்டறையில் வழக்கமாகச் செய்வது பாட்டில் டெஸ்ட். நூறு மில்லி பெட்ரோலைப் பாட்டிலில் ஊற்றிக் குழாயைக் கார்புரேட்டரில் மாட்டி, அணையும் வரை ஓட்டுவது. 60 மைலேஜ் தரும் வண்டி இதில் 6 கிலோமீட்டர் போகும். கிண்ணத்தில் தொடக்கத்திலும் முடிவிலும் இருந்த பெட்ரோலில் 5 மில்லி வித்தியாசம் வந்தாலே விடை 5 சதவீதம் தவறிவிடும். எதிர்க்காற்று, சிக்னல், சூடாகாத என்ஜின் எல்லாம் தனி. ட்யூனிங்கால் கிடைக்கக்கூடிய ஆதாயமே 5 சதவீதம் என்னும்போது அதைவிடப் பெரிய பிழையுள்ள அளவுகோலால் அதை எப்படிக் காண முடியும்? மைலேஜ் ஏறிவிட்டது என்ற நம்பிக்கைகளில் பல இப்படிப் பிறந்தவை. மாறாக, பங்க் மீட்டரில் 5 லிட்டருக்கு 25 மில்லி வரை பிழை சட்டப்படி அனுமதி. அது அரைச் சதவீதம்தான். ஒரே பங்கில், ஒரே மட்டத்துக்கு டேங்க் நிரப்பி, 300 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிடுவதே நம்பத்தக்கது. மாற்றம் செய்தபின் ஒரு டேங்க், பழைய நிலைக்குத் திருப்பி இன்னொரு டேங்க் என்று ஓட்டினால் சந்தேகமே இருக்காது.

அளவுகோல் தவறாக இருக்கும் இடத்தில்தான் மாயக் கருவிகள் விற்கும். 1930-களில் கனடாவின் சார்லஸ் நெல்சன் போக் பெட்ரோலை முன்பே ஆவியாக்கும் கார்புரேட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். கேலனுக்கு 200 மைல் என்ற பேச்சு பரவியது, சாலையில் அப்படி ஒரு வண்டி வரவே இல்லை. பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் இன்றும் விற்பனையில் இருக்கிறது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூறுக்கு மேற்பட்ட இப்படிப்பட்ட கருவிகளைச் சோதித்து, மிகச் சிலவற்றில் மட்டும் சிறு பலன் கண்டது. காசை ஏர் ஃபில்டருக்குச் செலவிடுங்கள்.

கார்புரேட்டருக்கு வெளியே இருக்கும் இழப்புகளையும் ஒதுக்க முடியாது. டயரில் காற்று, இறுகிய பிரேக் ஷூ, நழுவும் கிளட்ச், இடைவெளி கெட்ட டாப்பெட் எல்லாம் பெட்ரோலைத் தின்னும். சென்டர் ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. எல்லாவற்றையும் விடப் பெரியது வேகம். ஆளோடு 190 கிலோ உள்ள வண்டிக்கு, வழக்கமான காற்றுத் தடையை வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், சக்கரத்தில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு 0.8 கிலோவாட், 60-க்கு 2 கிலோவாட், 80-க்கு 4.4 கிலோவாட் தேவை. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் செலவாகும் ஆற்றல் 40-இலிருந்து 80-க்குப் போகும்போது இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிறது. சுமை கூடும்போது என்ஜினின் திறன் சற்று உயர்வதால் மைலேஜ் அதே விகிதத்தில் விழாது என்றாலும், எந்த ஜெட்டும் ஈடுகட்ட முடியாத இழப்பு அது. 45-லிருந்து 55-க்குள் ஓட்டுங்கள் என்று பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் பல்லாண்டுகளாகச் சொல்லிவருவது இந்தக் கணக்கின் மேல் நிற்கிறது.

ரூபாயிலும் ஒரு கணக்கு. மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மைலேஜ் 40-லிருந்து 45 ஆனால் 2.8 லிட்டர் மிச்சம். 60-லிருந்து 65 ஆனால் 1.3 லிட்டர்தான். ஆகவே 60 தரும் வண்டியை நோண்டிக்கொண்டிருப்பதில் பெரிய லாபமில்லை. 60 தர வேண்டிய வண்டி 40 தந்தால் மாதம் எட்டு லிட்டருக்கு மேல் போகிறது, லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் எண்ணூறு ரூபாய். அவரிடம்தான் உண்மையான வேலை இருக்கிறது.

அந்த வேலைக்கு இன்று நிற்கும் பெரிய தடை உதிரிபாகம். கார்புரேட்டர் உற்பத்தி சுருங்கச் சுருங்க, அசல் நீடில் ஜெட்டும் ஸ்லோ ஜெட்டும் கிடைப்பது அரிதாகிறது. கடையில் வாங்கும் போலிகளில் தலையில் எண் மட்டும் சரியாக இருக்கிறது, துளை சரியாக இருப்பதில்லை. நிறுவனங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு பழைய மாடலுக்கும் மெயின் ஜெட், ஸ்லோ ஜெட் எண்கள், நீடிலின் குறியீடு, கிளிப் இருக்க வேண்டிய வெட்டு, ஃப்ளோட் உயரம், ஸ்க்ரூவின் சுற்று எண்ணிக்கை, எத்தனால் 20 பெட்ரோலுக்கு இவற்றில் எது எவ்வளவு மாற வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில், தமிழிலும் மற்ற மொழிகளிலும், யாரும் பார்க்கும்படி வெளியிடலாம். இவற்றில் பெரும்பகுதி அவர்களுடைய சர்வீஸ் மேனுவலில் ஏற்கெனவே இருக்கிறது. எத்தனாலுக்கான எண்களைச் சோதித்துச் சொல்லும் கடமையும் அவர்களுடையதுதான்.